மண்டபம் நண்டு கம்பெனிக்கு நெட்வொர்க்: பெட்டிகள் வரும் முன் வயரிங்கில் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

மண்டபம்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் வடகடல் பக்கம் அப்பா நண்டு கம்பெனி நடத்துகிறார். கணக்கு, பில், எடைச் சீட்டு எல்லாம் மகளான நான்தான் பார்க்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வருகிறது. கொட்டகை பாதி சும்மா கிடக்கும் இந்த நேரத்திலேயே நெட்வொர்க் வேலையை முடித்துவிட நினைக்கிறோம்.

சாமான் தருகிறவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் அனுப்புவது) ஒன்று, ரவுட்டர், கேமரா 8, வைஃபை பெட்டி 2, யுபிஎஸ். "வயரிங், எர்த், ரேக் வைக்க இடம் எல்லாம் தயாரானதும் கூப்பிடுங்க, வந்து மாட்டிக் கொடுத்துடுறோம்" என்றார்கள். எது தயாராக இருந்தால் தயார் என்று யாரும் விளக்கவில்லை.

எங்கள் இடம் இப்படி. ஆபீஸ், தாத்தா காலத்து முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வீடு. சுண்ணாம்புப் பூச்சு, மேலே பனங்கை (பனைமரச் சட்டம்). அதன் பின்சுவரோடு சேர்த்துப் போட்ட தகரக் கொட்டகையில்தான் நண்டு அவிப்பதும் சதை எடுப்பதும். அங்கே பெண்கள் நாற்பது பேர் வரை உட்கார்ந்து வேலை செய்வார்கள். தினமும் சாயங்காலம் குளோரின் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். ஐஸ் ரூம் தனிக் கட்டடம். கயிறு வைத்து அளந்தால் ஆபீஸிலிருந்து 120 மீட்டர், நடுவில் மணல், லாரி வரும் பாதை. கேமராவில் மூன்று ஐஸ் ரூமுக்கு, நான்கு கொட்டகைக்கு, ஒன்று ஆபீஸுக்கு.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட் கேபிளையும் விட்டுவிடலாம், செலவு மிச்சம் என்கிறார். சுவரை வெட்டவும் பயமாக இருக்கிறது, கை வைத்தாலே பொரிந்து கொட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

---

கீழக்கரை_கேபிள் பதில்:

தங்கச்சி, கீழக்கரையில இருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கடலோரத்துல கேபிள் வேலைதான் எனக்குப் பொழப்பு. பெட்டி வர்றதுக்கு முன்னாடியே கேக்குறீங்க, அதுவே பெரிய நிம்மதி. நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த 120 மீட்டர். கேட்-6 செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதுல பைப்புல நிலையா ஓடுறது 90, ரெண்டு முனையிலயும் மாட்டுற பேட்ச் கார்டு (குட்டிக் கேபிள்) எல்லாம் சேர்த்து 10. நீங்க அளந்தது தரை அளவு. சுவர் ஏறி, இறங்கி, வளைஞ்சு போனா இன்னும் கூடும். நடுவுல ஒரு சின்ன சுவிட்ச் வச்சுத் தாண்டிடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வெயில்லயும் உப்புக் காத்துலயும் ஒரு பெட்டி கிடக்கணும், அதுக்குக் கரண்டும் கொண்டு போகணும்.

தூரம் 50 மீட்டராவே இருந்தாலும் நான் அங்க செம்பு போட மாட்டேன். ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் வேற வேற. பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா ஒரு கட்டடத்து எர்த்தோட வோல்ட் மட்டம் சட்டுன்னு ஏறும், இன்னொண்ணு ஏறாது. அந்த வித்தியாசம் ரெண்டையும் இணைக்கிற செம்புக் கம்பி வழியாத்தான் பாயும், பாயுற வழியில உங்க சுவிட்ச் இருக்கும். கோடை இடியும் ஐப்பசி இடியும் நம்ம ஊருக்குப் புதுசில்ல. கட்டடம் விட்டுக் கட்டடம் போறதுக்கு ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில கரண்ட் பாயாது.

ஃபைபர்ல சிங்கிள் மோடு வகை, குறைஞ்சது 4 கோர் (இழை) வாங்குங்க. ரெண்டு வேலைக்கு, ரெண்டு கையிருப்பு. கடையில எஃகு உறை போட்ட ஆர்மர்டு கேபிள்தான் முதல்ல எடுத்துக் காட்டுவாங்க. மண்ணுல நேரா புதைக்கறதா இருந்தா அது நல்லது. ஆனா கடலோரத்துல அந்த எஃகு துருப்பிடிக்கும். இடிக்கு அதுவும் ஒரு உலோகப் பாதை. அதனால உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்கி, எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்புக்குள்ள விடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். எலி கடிக்காம பைப்பே பாத்துக்கும், ரெண்டு வாயையும் அடைச்சு வச்சா போதும்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? ஐஸ் ரூம்ல மூணு கேமரா இருக்கு, ஃபைபர்ல கேமராவுக்குக் கரண்ட் போகாது. அங்க ஒரு 8 போர்ட் பிஓஇ சுவிட்ச், சின்ன பெட்டி, சின்ன யுபிஎஸ் வேணும். ரெண்டு பக்கமும் எஸ்எஃப்பி மாட்யூல் (ஃபைபரை சுவிட்சோட சேர்க்கற துண்டு) வேணும். நீங்க எழுதின மதுரை லிஸ்டுல இது எதுவுமே இல்ல. இன்னைக்கே ஃபோன் போட்டுக் கேளுங்க. அவங்க வந்து நின்னப்புறம் தெரிஞ்சா இன்னொரு வாட்டி வண்டி வைக்கணும்.

அடுத்தது கரண்ட் பைப்புல கேபிள் விடுறது. கூடவே கூடாது. படம் ஆடும், வேகம் குறையும்னு சொல்லுவாங்க, அதெல்லாம் ரெண்டாவது. கரண்ட் ஒயர் இன்சுலேஷன் ஒரு இடத்துல உரிஞ்சா 230 வோல்ட் நெட் கேபிளுக்குள்ள வந்துடும். ஈரத் தரையில நாற்பது பெண்கள் உக்காந்திருக்கற கொட்டகை அது. தனி பைப் போடுங்க, கரண்ட் பைப்புல இருந்து ஒரு அடி தள்ளி ஓட்டுங்க. தாண்டித்தான் ஆகணும்னா நேர் குறுக்கா தாண்டணும், கூடவே ஓடக் கூடாது. டியூப் லைட், மோட்டார், ஐஸ் ரூம் பேனல் பக்கமும் இதே கணக்குதான்.

கேபிள் வாங்கும்போது "முழுச் செம்பா"ன்னு கேளுங்க. கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, அதனால ஒரு முனையைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல செம்பு பூசினது. பெட்டியும் தூக்கும்போதே லேசா இருக்கும். அலுமினியம் செம்பு அளவுக்குக் கரண்ட் கடத்தாது, அறுபது சதவீதம்தான். பிஓஇ-ல கேமராவுக்கு வேண்டிய கரண்டும் அதே கம்பியிலதான் போகுது, தூரத்துக் கேமரா ராத்திரியில இன்ஃப்ராரெட் விளக்கு போடும்போது அணைஞ்சு அணைஞ்சு எரியும். அதோட அந்த முனையில உப்புக் காத்து பட்டா அலுமினியம் வெள்ளைப் பொடியா பூத்துடும். 305 மீட்டர் பெட்டியில விலை வித்தியாசம் பெருசாத் தெரியும், ஆனாலும் இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. வெயில் படுற இடத்துக்கு வெளி உபயோகத்துக்குன்னு வர்ற கறுப்பு பாலித்தீன் உறைக் கேபிள். வீட்டுக்குள்ள போடுற சாம்பல் கலர் பிவிசி வெயில்ல வெடிச்சுடும். கட்டுற டையும் கறுப்புதான். வெள்ளை டை சீக்கிரமே நொறுங்கிடும்.

இனி உப்பு. மழைத் தண்ணிக்கு எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா இங்க கெடுக்கறது காத்து. பாம்பன்ல 2025 ஏப்ரல் 6 அன்னைக்குத் திறந்த புது ரயில் பாலத்துல துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டது இந்தக் காத்துக்குத்தான். நீங்க அந்தப் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கீங்க. அதனால ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) கிளாம்ப், சாதா ஸ்க்ரூ எதுவும் கொட்டகையில வேண்டாம். பிவிசி சேடில் (பைப்பைப் பிடிக்கற கிளிப்), 316 ரகத்து எவர்சில்வர் ஸ்க்ரூ. தகரப் பெட்டிக்குப் பதிலா தண்ணி, தூசி புகாத ஐபி66 பிளாஸ்டிக் பெட்டி.

கேபிள் பெட்டிக்குள்ள எப்பவும் அடிப்பக்கமா கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கற வாய்) வழியாத்தான் நுழையணும், மேல இருந்து இறங்கக் கூடாது. நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்க, வழியுற தண்ணி வளைவோட அடியிலயே சொட்டிடும். கேமரா வாலும் கேபிளும் சேர்ற இடத்துலதான் பாதி ரிப்பேர் வருது. பிஓஇ-ல அங்க 48 வோல்ட் அளவுக்கு டிசி எந்நேரமும் நிக்குது. ஈரமும் உப்பும் சேர்ந்தா பின்னை அரிச்சுத் தின்னுடும். உங்க கொட்டகையில குளோரினும் சேருது. கேமராவோட வர்ற ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாம மாட்டச் சொல்லுங்க. அதையும் பெட்டிக்குள்ள வச்சு மூடுங்க. கொட்டகைக்குள்ள எங்கயும் நடுவுல ஜாயிண்ட் வேண்டாம், ரேக்குல இருந்து கேமரா வரைக்கும் ஒரே துண்டு.

முருகைக்கல் சுவரை வெட்டாதீங்க. அந்தக் கல்லு இனிமே கிடைக்காது, உடைக்கவும் கூடாது. வெளியில தெரியற மாதிரி பிவிசி பைப்பை பனங்கை ஓரமா, மரத்துல சேடில் அடிச்சுக் கொண்டு போங்க. அசிங்கமா இருக்காது, நேரா பிடிச்சா நல்லாவே இருக்கும். ரேக்கையும் அந்தச் சுவர்ல தொங்க விடாதீங்க, சுண்ணாம்புல பிளக் நிக்காது. தரையில நிக்கற ஸ்டாண்டு ரேக் 12யு எடுத்து, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி வைங்க. வாடை மாசத்துல அந்தச் சுவர் உப்புப் பூத்து வேர்க்கும். கடலைப் பாத்த ஜன்னல் இல்லாத உள் அறையா பாருங்க. ரேக்குக்காகன்னு எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சு வெளிக்காத்தை உள்ள இழுக்காதீங்க, அது உப்பைத்தான் கொண்டு வரும்.

பவர் கணக்கு சுருக்கமா: ஆபீஸ் சுவிட்சுல 5 கேமரா, ஒண்ணுக்கு 15.4 வாட்னு வச்சா 77. வைஃபை ரெண்டுக்கு 30 வீதம் 60. மொத்தம் 137. சுவிட்சோட பிஓஇ திறன் அதைவிடத் தாராளமா இருக்கான்னு பாருங்க. யுபிஎஸ் 'ஆன்லைன்' வகையா (எந்நேரமும் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கறது) இருக்கட்டும், ஐஸ் மோட்டார் கிளம்பும்போது வோல்ட் இறங்குற இடம் அது.

எல்லாக் கேபிளும் ரேக்குல பேட்ச் பேனல்ல (கேபிள் முனைகளை வரிசையா மாட்டுற பலகை) முடியணும், சுவிட்சுல நேரா குத்தக் கூடாது. ரெண்டு முனையும் 568பி-ங்கற கலர் வரிசை. ஜோடிக் கம்பி முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்க வேண்டாம். ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் ஒட்டுங்க. பேனாவுல எழுதினா அழிஞ்சுடும், அச்சடிச்ச லேபிளா இருக்கட்டும்.

எர்த் தனியா எழுதணும், யாராவது எலக்ட்ரிக்கல் ஆள் வந்தா பேசுவோம்.

---

ஏர்வாடி_ஒயர்மேன் பதில்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதில் எல்லாம் ஒத்துக்கிறேன். எர்த்துக்கு நான் சொல்றேன். மெயின் எர்த்துல ஐஸ் மோட்டார், அது இதுன்னு எல்லாக் குப்பையும் வரும். ரேக்குக்குன்னு தனியா ஒரு குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு ஜி.ஐ. பைப் இறக்கி, மெயினோட சேர்க்காம நேரா ரேக்குக்குக் கொடுத்துடுங்க. சுத்தமான எர்த்.

---

கீழக்கரை_கேபிள் பதில்:

தம்பி, நீங்க சொல்றபடிதான் நிறையப் பேர் போடுறாங்க. தனிக் குழி எடுக்கறது சரி, மெயினோட சேர்க்காம விடுறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3043, ஒரே இடத்துல இருக்கற எர்த் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கச் சொல்லுது. காரணம் நான் ஃபைபருக்குச் சொன்ன அதே காரணம். யுபிஎஸ்-க்கு வர்ற லைன் மெயின் எர்த்தைச் சார்ந்து நிக்குது, ரேக் உடம்பு உங்க தனிக் குழியைச் சார்ந்து நிக்குது. இடி விழுந்தா அந்த ரெண்டு மட்டத்துக்கும் நடுவுல மாட்டுறது சுவிட்ச். தொட்டுக்கிட்டு நிக்கற ஆளும்தான். புதுக் குழி எடுங்க, மெயின் எர்த் பட்டைக்கு ஒரு தடிச்ச செம்புக் கம்பி இழுத்து இணைச்சுடுங்க. மெயின் பேனல்ல சர்ஜ் தடுப்பான் (திடீர்னு ஏறுற வோல்ட்டைத் தடுக்கறது) ஒண்ணு மாட்டுங்க.

கரி, உப்பு விஷயம்: கடலை விட்டுத் தள்ளி உள் பக்கம் இருக்கற செம்மண், கரிசல் மண்ணுக்கு அது சரி. மண்டபம் மண்ணுல உப்பு ஏற்கனவே இருக்கு, இன்னும் போட்டா ஜி.ஐ. பைப் இன்னும் சீக்கிரம் கரையும். செம்பு பூசின கம்பி இறக்கி, சுத்தி பென்டோனைட் களிமண் கலவை நிரப்புங்க. மேல மூடி போட்ட தொட்டி கட்டி, நட்டு கண்ணுக்குத் தெரியற மாதிரி விடுங்க. அளக்கறது இப்பவே, இந்தக் கோடையிலயே. மழைக்காலத்துல எந்தக் குழியும் நல்ல அளவுதான் காட்டும். மேல் மணல் காஞ்சு கிடக்கும்போது 5 ஓமுக்குக் கீழ காட்டினாத்தான் அது எர்த்.

---

ஏர்வாடி_ஒயர்மேன் பதில்:

சரி காக்கா, இணைக்கறதுக்கான காரணம் இப்ப புரியுது. தங்கச்சி, குழி தோண்டும்போது ஒண்ணு கவனிங்க. கொட்டகை கழுவுற தண்ணி போற வாய்க்கால் பக்கம் எடுக்காதீங்க. ஈரம் இருக்குன்னு ஆசையா இருக்கும், ஆனா குளோரின் தண்ணி கம்பியைத் தின்னுடும். கொட்டகை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கறது) இருக்கான்னும் பாருங்க. இல்லைன்னா நெட்வொர்க்குக்கு முன்னாடி அதை மாட்டுங்க.

---

உச்சிப்புளி_லைன்மேன் பதில்:

தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணலில் பைப் புதைப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துறையில் கண்ணாடி இழைக் கேபிளுக்கு 1.65 மீட்டர் ஆழம் தோண்டுவது விதி. உங்கள் சொந்த வளாகத்துக்குள் அவ்வளவு வேண்டாம், மூன்று அடி போதும். ஆனால் மூன்று அடியை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பது முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் ஓரிடத்தில் பறந்து இன்னோரிடத்தில் மேடாகும். இப்போதுள்ள மேட்டிலிருந்து அளந்தால் ஆடி முடிவில் பைப் வெளியே தெரியலாம். சுவரின் அடித்தளம், வாசற்படி போன்ற நகராத ஒன்றிலிருந்து மட்டம் பிடியுங்கள்.

40 மில்லிமீட்டர் எச்டிபிஇ பைப் சுருளாக வரும். 120 மீட்டரும் ஒரே துண்டாக வாங்குங்கள். மணலுக்குள் இணைப்பு வைத்தால் அதன் வழியே மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போகும், அப்புறம் கேபிள் நகராது. லாரி ஏறும் இடத்தில் மட்டும் இன்னும் ஆழமாக இறக்கி, தடித்த பைப் ஒன்றை மேல் உறையாகப் போடுங்கள். ஐஸ் ஏற்றிய லாரி மணலை எவ்வளவு அழுத்தும் என்று உங்களுக்கே தெரியும். பைப்புக்கு மேல் ஒரு அடி மணல் போட்டதும் வரிசையாகச் செங்கல் பரப்பிவிடுங்கள். பின்னாளில் யார் தோண்டினாலும் மண்வெட்டி முதலில் செங்கல்லில் படும்.

குழி மூடும் முன் பைப்புக்குள் நைலான் கயிறு விடுங்கள். அது உங்கள் ஊரில் எந்த வலைக் கடையிலும் கிடைக்கும். கேபிளை இழுக்கும்போதே இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிட்டால் நாளைக்கு வேறு கேபிள் வேண்டுமென்றால் மறுபடி தோண்ட வேண்டாம். கேபிளை மெதுவாகக் கையால் இழுக்க வேண்டும், டிராக்டரில் கட்டி இழுக்க விடாதீர்கள். இரு முனையிலும் சிறு தொட்டி கட்டி, அதில் சில மீட்டர் கேபிளைப் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

மூடும் முன் ஃபோனில் படம் எடுங்கள். ஆபீஸ் மூலையிலிருந்து எத்தனை மீட்டர், ஐஸ் ரூம் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒரு தாளில் வரைந்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் காலத்தில் பழுது பார்ப்பதைவிடக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று தேடுவதில்தான் அதிக நேரம் போனது.

---

மண்டபம்_கணக்கு எழுதியது:

அண்ணன்மார், ஐயா, மூவருக்கும் நன்றி. மதுரைக்கு ஃபோன் செய்தேன். ஐஸ் ரூம் சுவிட்சும் எஸ்எஃப்பி மாட்யூலும் அவர்கள் கணக்கிலேயே இல்லை, இப்போது சேர்த்துவிட்டார்கள். வாங்கி வைத்திருந்த கேபிளைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. கடைக்காரர் மாற்றித் தர ஒத்துக்கொண்டார். பைப்புக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டினேன், தனி பைப்புக்குச் சம்மதித்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். அவர் மீட்டர் வைத்து ஆபீஸ் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தார். காலையில் 2 வோல்ட். கொட்டகையில் ஃபேன், விளக்கு, ஃப்ரீசர் எல்லாம் ஓடும்போது 11 வோல்ட். மதுரைக்காரர்கள் இது 2, 3-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் சுழி காட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யலாமா?

---

ஏர்வாடி_ஒயர்மேன் பதில்:

செய்யவே செய்யாதீங்க தங்கச்சி! அப்படி இணைச்சா நியூட்ரல்ல திரும்ப வேண்டிய கரண்ட் எர்த் கம்பியில ஓடும். எங்கயாவது நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா ஃப்ரீசர் உடம்பு, ரேக் உடம்பு எல்லாம் லைன் ஆயிடும். மீட்டர் சுழி காட்டும், ஆள் போயிடும். ஆர்சிசிபி-யும் ஒழுங்கா வேலை செய்யாது. யோசனை சொன்னவர்கிட்டயும் எடுத்துச் சொல்லுங்க, அவர் வேற எங்கயும் செஞ்சுடக் கூடாது.

லோடு கூடக் கூட வோல்ட் ஏறுதுன்னா நியூட்ரல் பாதையில எங்கயோ தடை இருக்கு. நம்ம ஊர்ல முக்காவாசி அது மெயின் பேனல்ல நியூட்ரல் பட்டையில பச்சை பூத்த லக்குதான் (ஒயர் முனையில மாட்டுற உலோகக் காது). மெயினை அணைச்சுட்டு உங்க எலக்ட்ரீஷியனைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. பச்சையா, கறுத்து இருந்தா ஒயரைப் புதுசா சீவி, ஈயம் பூசின செம்பு லக் போட்டு முறுக்கணும். அதுக்கப்புறம் ரேக்குக்கு மெயின் பேனல்ல இருந்தே தனி எம்சிபி, தனி லைன், தனி நியூட்ரல், எர்த் மூணும் இழுங்க. கொட்டகை ஃபேனோட நியூட்ரலை ரேக் பங்கு போடக் கூடாது. இதையெல்லாம் செஞ்சும் 11 காட்டினா குறை கம்பத்துப் பக்கம் இருக்கலாம், மின்வாரிய ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க.

---

கீழக்கரை_கேபிள் பதில்:

தம்பி சொன்னதுதான் சரி. அந்த வேலை முடியற வரைக்கும் மதுரைக்காரங்களைக் கூப்பிடாதீங்க. சாமான் முன்னாடியே வந்துட்டா பெட்டியைப் பிரிக்காம மச்சு வீட்லயோ எங்கயோ காஞ்ச இடத்துல வைங்க. சுண்ணாம்புத் தூசி அடங்கி, அறையைக் கழுவித் துடைச்சப்புறம் பிரிங்க.

இன்னொண்ணு. அவங்க வந்ததும் பச்சை விளக்கு மின்னுற சின்ன டெஸ்டரைக் காட்டி 'எல்லாம் ஓகே'ம்பாங்க. அது கம்பி வரிசையை மட்டும்தான் பாக்கும். ஜோடி மாத்திக் குத்தியிருந்தா அதுக்குத் தெரியாது, எட்டு விளக்கும் வரிசையா எரியும், ஆனா லைன் வேகம் பிடிக்காது. நீளமும் ஜோடிக்கு ஜோடி குறுக்கீடும் அளக்கற மீட்டர் வச்சு, ஒவ்வொரு நம்பருக்கும் ரிப்போர்ட் கேளுங்க. ஃபைபருக்கு ரெண்டு முனைக்கும் நடுவுல எத்தனை டெசிபல் இழப்புன்னு எழுதி வாங்குங்க. 120 மீட்டர்ல கேபிளோட இழப்பு இருக்கற இடமே தெரியாது, கூடுதலாக் காட்டினா முனையில ஒட்டினது சரியில்லன்னு அர்த்தம், மறுபடி ஒட்டச் சொல்லுங்க. கையிருப்பு ரெண்டு கோரையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்க, அதை விட்டுட்டுப் போயிடுவாங்க. பாக்கிப் பணம் அந்தத் தாள் கைக்கு வந்தப்புறம்.